ரெண்டு அதிர்ந்தா தண்ணி

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதை நாச்சிமுத்து உள்ளங்காலால்தான் தெரிந்துகொண்டார். காது போய்ப் பத்து வருஷமாகிறது, ஆனால் பாதம் இருக்கிறதே, அது கெட்டிக்காரப் பாதம். வீதியில் அத்தனை வீட்டு விசைத்தறிகளும் ஓடும்போது சிமெண்டுத் தரை விடாமல் குறுகுறுத்துக்கொண்டே இருக்கும். இப்போது சட்டென்று அடங்கிவிட்டது. மாசத்துக்கு ஒருநாள் லைன் வேலை என்று நிறுத்துகிற கரண்ட், சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வரும். மற்ற மாசமாயிருந்தால் இந்நேரம் வாய் நிறைய வைதிருப்பார். இன்றைக்கு வையவில்லை. எட்டு மணி நேரம் இருக்கிறது, போதும், அதற்குள் தன்னுடைய எளவெடுத்த போனைப் பிரித்து, அதிர்வு கொடுக்காமல் செத்துப்போன மோட்டாரைப் பிடுங்கிவிட்டுப் புதுசை வைத்து மூடிவிடலாம். அப்புறம் அந்தச் செத்த மோட்டாரை எடுத்துப் போய் வீட்டுக்காரி சம்பூரணத்திடம் காட்டலாம். பாரு அம்மிணி, குத்தம் என்ற மேல இல்ல, இந்தச் சட்டைப் பொத்தான் அளவு சாமான் மேல. அதற்குத்தானே இவ்வளவும். வெளிச்சம் விழுகிற வாசற்படிக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியை விரித்து உட்கார்ந்தார். டிபன் பாக்ஸ் மூடி, காலாவதியான ஏடிஎம் கார்டு, ஊசிமுனைத் திருப்புளி, முள்ளுவாங்கி, காகிதத்தில் மடித்த புது மோட்டார், எல்லாம் வரிசையாக. மூக்கில் சம்பூரணத்தின் கண்ணாடி. ஒரு காது உடைந்து தறி நூலால் கட்டியிருந்தது, அவளே கட்டியது, வலது கை இருந்தபோது. மூன்று எட்டில் அவள் கட்டில். புதன்கிழமையிலிருந்து அவள் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். இடது கைக்குப் பக்கத்தில் அவளுடைய போன், வைத்தது வைத்தபடி. அதைத் தொடவில்லை, தொடமாட்டேன் என்கிற மாதிரி விரல்களை மடக்கி வைத்திருக்கிறாள்.

பின்மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கார்டைச் சொருகி ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். பொட்டுப் பொட்டென்று கொக்கிகள் விடுவது விரலில் தெரிந்தது. இந்த வித்தையெல்லாம் காலையில் அவளுடைய போனில் நாலு தரம் பார்த்த வீடியோவில் கற்றதுதான். முகத்தைக் காட்டாத ஒருத்தன், கை மட்டும். அவன் இந்தி பேசினானோ இங்கிலீஷ் பேசினானோ, நாச்சிமுத்துவுக்கு எல்லாம் ஒண்ணுதான், கை பேசியது புரிந்தது. கை பேசுவது எப்போதும் புரியும். வாய் பேசுவதும் புரியும், சத்தம் வேண்டியதில்லை. பட்டறைக்குள் எவன் சத்தத்தை நம்பிப் பேசுகிறான்? பதினாறு தறி ஓடுகிற கொட்டகையில் எல்லாரும் வாயைத்தான் பார்ப்பார்கள். சம்பூரணம் எதிர்த்தறிக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், நூலெல்லாம் தலையில் பஞ்சாக ஒட்டிக்கொண்டிருக்க, அவரைப் பார்த்து வாயசைத்தாள்: உன்ற தறி நின்னு அஞ்சு நிமிசமாச்சு, என்னையப் பார்த்தது போதும், நூலிழுக்கற நாடாவப் பாரு. அதுதான் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு. ஒரு சத்தம் கேட்கவில்லை, ஒரு எழுத்து தப்பவில்லை. கல்யாணமாகி, சொந்தமாக நாலு தறி போட்டு, வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை கட்டி, இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் பேசினார்கள். சண்டை போட்டதும் அப்படித்தான். காது போனபோது டாக்டர் ஏதோ பெரிய நஷ்டம் போல முகத்தை வைத்துக்கொண்டு மிஷின் எழுதிக் கொடுத்தார். மாட்டிக்கொண்டு தறிக்குப் போனால் மண்டைக்குள் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது, கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. காது எதுக்குங், என்ற அம்மிணி வாய் இருக்குதே என்று டாக்டரிடமே சொன்னார். அந்த வாய்தான் ஏழு மாசத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. வலக்கை, வலக்கால், பேச்சு, மூன்றும் ஒரே மூச்சில் போனது. உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கிறது, சொல்லத்தான் வராது என்றார்கள். அவள் உதட்டை இப்போதும் அசைக்கிறாள். அவருக்கு ஒரு எழுத்து புரிவதில்லை. புரிந்த மாதிரி தலையாட்டுவார். தலையாட்டுவது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று இவருக்கும் தெரியும்.

பின்மூடி வந்துவிட்டது. உள்ளே பார்த்தால், அட, இதுக்குள்ள இவ்வளவா! ஆளுக்கொரு இடமாகப் பிரித்துக்கொண்டு நெருக்கியடித்துக் குடியிருக்கிறார்கள். முதலில் பேட்டரிக் கண்ணியை நகத்தால் கிளப்ப வேண்டும், அதுதான் முக்கியம், தறியில் கை வைக்கும் முன் மெயினை இறக்குகிற மாதிரி. அப்புறம் திருகாணிகள். ஒவ்வொன்றும் கடுகு. ஒன்று உருண்டு ஓடியதென்றால் ஆட்டம் முடிந்தது. டிபன் மூடியில் அவை இருந்த இடத்துக்குத் தக்கபடியே வட்டமாக வைத்தார். ஒன்று, ரெண்டு, மூணு. மூணு என்றால் அவசரம். அது அவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட கணக்கு. அவள் போனில் அவருடைய போட்டோ பெரிசாக வைத்திருந்தது. இடது கட்டைவிரலால் அதைத் தொட்டால் போதும், பட்டறையில் அவர் சட்டைப்பையில் போன் அதிரும். அவள் உடனே அமத்திவிடுவாள். ஒரு தரம் அதிர்ந்தால் வா. ரெண்டு தரம் என்றால் தண்ணி. மூணு தரம் என்றால் ஒதுங்கணும், அப்போது கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வரவேண்டும். சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. நெஞ்சுக்கு மேலே சதை துள்ளுகிற மாதிரி ஒரு நடுக்கம், அவ்வளவுதான், அவருக்கு அவள் குரல் அதுதான். ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கும்போதுகூட, போன் சார்ஜில் கிடக்கும்போதுகூட, நெஞ்சில் அந்த இடம் தானாகத் துள்ளும், எழுந்து பார்ப்பார், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நாலு, அஞ்சு. ஆறாவது திருகாணி இறுகியிருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரத்தில் நாலு தரம்... அதை விடு. அது வேறே கதை. இப்போது திருகாணியைப் பார்.

புதன்கிழமையைத்தான் நினைக்க வேண்டும், நடந்தது புதன்கிழமைதானே. காலையில் கஞ்சி ஊட்டி, துடைத்துவிட்டு, தலைசீவிப் பின்னிப்போட்டுவிட்டு, ஒன்பதரைக்குப் பட்டறைக்குப் போனார். ரெண்டாம் தறியில் புதுப் பாவு நூல் ஏற்றியிருந்தது. பத்து மணி, பதினொண்ணு, சட்டைப்பையில் ஒரு அசைவு இல்லை. அப்போது அவர் என்ன நினைத்தார்? அதைத்தான் வாயைத் திறந்து யாரிடமும் சொல்ல முடியாது. அப்பாடா, இன்னைக்கு அம்மிணி தொந்தரவு பண்ணல, நல்லாத் தூங்கறா போல, ஒரே மூச்சுல நாலு தறியும் ஓடுது என்று சந்தோஷப்பட்டார். சந்தோஷம்! ஒரு பீடிகூடப் பிடித்தார். பக்கத்து வீட்டு ரங்கநாயகி உறைக்கு மோர் கேட்டு வந்தவள் பார்த்துவிட்டுப் பட்டறைக்குள் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தபோது பன்னிரண்டேகால். சம்பூரணம் கட்டிலிலிருந்து பாதி உடம்பு கீழே தொங்க, புடவை நனைந்து, இடது கையில் போனை இறுக்கிப் பிடித்தபடி. தூக்கி உட்கார வைத்ததும் அவள் பார்த்த பார்வை! கோபம் என்றால் பரவாயில்லை, முப்பது வருஷம் பார்த்த கோபம்தானே. அது கோபமில்லை. தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். இவர் தொட்ட புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரங்கநாயகிதான் இவரை வெளியே போகச் சொல்லிவிட்டுத் துடைத்து உடுத்திவிட்டாள். இன்னொரு பொம்பளை வந்து உன்னைத் தொட வேண்டிய நிலைமை வராது அம்மிணி, நானிருக்கறேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றைக்குக் கையடித்துச் சொன்ன சொல் அது. வெளியே நின்று போனைப் பார்த்தார். தவறிய அழைப்புகள் பதிமூணு. நேரம் போட்டிருந்தது. பத்து நாற்பதுக்கு மூணு. பத்து ஐம்பதுக்கு மூணு. பதினொண்ணேகாலுக்கு மூணு. பதினொண்ணரைக்கு மூணு. கடைசியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு என்ன? புடவை நனைந்து முடிந்த பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, ஒதுங்கணும் என்பதெல்லாம் போய், வெறும் வா. மூணைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த ஒண்ணைத்தான் தாங்க முடியவில்லை.

போன் ஏன் அதிரவில்லை? அன்றைக்கே ரங்கநாயகியின் பட்டன் போனிலிருந்து அடிக்கச் சொல்லிப் பார்த்தார், அவள் பேர் திரையில் வந்தது, போன் கல்லாட்டம் கிடந்தது. மோட்டார் போச்சு. வேறென்ன? தறி நின்றால் முதலில் எதைப் பார்ப்பார்கள்? மோட்டாரைத்தான். இந்த வீதியில் மிக்ஸி நின்றாலும், கிரைண்டர் நின்றாலும், ஏன், மாப்பிள்ளை பேச்சை நிறுத்தினாலும் மோட்டார் போச்சு என்பார்கள். வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், நாலு பேர் நெருக்கிக்கொண்டு நிற்க, போன் அதிரலீங், மோட்டார் போயிருச்சுங் என்று இவரே சொன்னார், கடைக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆமாங்கண்ணா மோட்டார்தான் என்றான். விட்டுட்டுப் போங்க, நாளைக்கு மத்தியானம் வாங்க. விட்டுட்டுப் போவதா! மோட்டாரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். மோட்டார்தான் என்று கேட்டவுடன் நெஞ்சு லேசானதே, அதை மறைப்பானேன். கடைத்தெருவிலிருந்து வீடு வரைக்கும் கால் தரையில் பாவவில்லை.

நிழல் விழுந்தது. நிமிர்ந்தார். ரங்கநாயகி, கையில் மூடிபோட்ட கிண்ணம். அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று வாயை நன்றாகத் திறந்து பேசினாள், அவளும் தறிக்காரிதான்.

“ஏனுங்கண்ணா, போனை இப்பிடிக் கோழி அறுத்த மாதிரி பரப்பி வெச்சிருக்கறீங்? கடைக்காரன்கிட்டக் குடுத்தா மாத்திக் குடுக்க மாட்டானாக்கும்?”

“நாளைக்கு மத்தியானம் வான்னான். அதுவரைக்கும் இவ கூப்பிட்டா எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் நாச்சிமுத்து. கத்தியிருக்க வேண்டும், ரங்கநாயகி கையைத் தாழ்த்தி மெதுவா மெதுவா என்றாள்.

“இப்ப மட்டும் கூப்பிடறாங்களாக்கும்?” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அட, நான் ஒரு கூறு கெட்டவ. வெசனப்படாதீங்கண்ணா. பயிறு கடைஞ்சது கொண்டாந்தேன், அக்காளுக்கு ரெண்டு வாய் குடுத்துட்டுப் போறன்.”

ரங்கநாயகி ஊட்டினால் சம்பூரணம் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறாள். இவர் ஊட்டினால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறாள். ரெண்டு நாளாக அப்படித்தான். மணிக்கு ஒருதரம் தானாகவே போய், ஒதுங்கணுமா என்று கேட்டுப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார். ஆமாம், இல்லை என்று தலை மட்டும் அசையும். புதன்கிழமை சாயங்காலம் திருப்பூரிலிருந்து மகள் கோகிலவாணி வீடியோவில் வந்தாள். யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள், யாரோ என்ன, ரங்கநாயகிதான். அப்பா, உங்களுக்கும் காது கேக்காது, அம்மாளுக்கும் பேச்சு வராது, எத்தனை நாளைக்கு இப்பிடி, ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வர்றேன் என்று மகளின் உதடு சொன்னது. அதுகூடப் பரவாயில்லை. அம்மா, எங்கூட வந்தர்றியா என்று அவள் கேட்டபோது சம்பூரணம் போனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒரு தரம். மெதுவாக. ஆமாம் என்று. இருபத்தெட்டு வருஷத்தில் இந்த வீட்டைவிட்டு ஒரு ராத்திரி தங்கப் போனால்கூட விடிவதற்குள் தறி என்னாச்சோ என்று திரும்பி வந்துவிடுகிறவள். ஞாயித்துக்கிழமை. இன்றைக்கு வெள்ளி. நாச்சிமுத்து முள்ளுவாங்கியை எடுத்தார்.

அடிப்பக்கத் தகட்டை எடுத்ததும் தெரிந்தது. ஒரு வட்டக் குழி, அதில் வெள்ளிப் பொத்தான் போல ஒட்டிக்கொண்டு மோட்டார். இதுவா? இவ்வளவுண்டா? இதுதான் ஏழு மாசமாகச் சம்பூரணத்தின் தொண்டையாக இருந்ததா? பசை கெட்டியாகப் பிடித்திருந்தது. முள்ளுவாங்கியை ஓரத்தில் கொடுத்து நெம்பினார், வழுக்கியது, வலிக்குமோ என்கிற மாதிரி ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது, மறுபடி நெம்பினார், வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அகப்பட்டாயா! நீதானடா. பதிமூணு தரம் அவள் கூப்பிட்டபோது சும்மா கிடந்தது நீதான். சாட்சி கிடைத்துவிட்டது. எழுந்து கட்டில் பக்கம் போய் அவள் முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் கையை நீட்டினார். “பாரு அம்மிணி. இதுதான் செத்துப் போச்சு. நான் வேணும்னு வராம இருக்கல. இது செத்துப் போச்சு, எனக்குத் தெரியல.” சம்பூரணத்தின் கண் அந்தப் பொத்தானைப் பார்த்தது. அப்புறம் அவரைப் பார்த்தது. ரெண்டு நாளில் முதல் தரமாக முகத்தைப் பார்க்கிறாள். உதடு ஒரு பக்கமாக இழுத்து அசைந்தது. என்ன சொல்கிறாள்? சரி என்கிறாளா, பொய் என்கிறாளா, போ என்கிறாளா? அவர் தலையாட்டினார். ஆட்டிய உடனே தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, பழக்கதோஷம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பரவாயில்லை. பார்த்துவிட்டாள், அது போதும். இனி புதுசை வைத்து, ஓடுகிறதைக் காட்டிவிட்டால் நம்பிவிடுவாள். நம்பினால் தொடுவாள். தொட்டால் இவர் ஓடி வருவார். ஞாயித்துக்கிழமை கோகிலவாணி வரட்டும், காப்பியைக் குடித்துவிட்டுப் போகட்டும்.

புது மோட்டாரின் அடியில் ஒட்டுக் காகிதம். உரித்து, குழியில் இறக்கி, வயர் முனைகளை அதனதன் இடத்தில் பொருத்தி, கட்டைவிரலால் அமுக்கினார். தகடு. திருகாணிகள், இருந்த இடத்துக்கு இருந்ததே. ஆறாவது மறுபடியும் மல்லுக்கு நின்றது. பேட்டரிக் கண்ணி பொட்டென்று உட்கார்ந்தது. மூடி. சுற்றிலும் அமுக்கினார். மத்தியானம் ஒன்றரை ஆகியிருந்தது, அவர் சாப்பிடவில்லை, ரங்கநாயகி வைத்துவிட்டுப் போன கிண்ணத்தில் மிச்சப் பயிறு ஆறிப்போய்க் கிடந்தது. போனை உயிர்ப்பித்தார். வெளிச்சம் வந்தது. கட்டிலுக்குப் போய், அவள் கைக்குப் பக்கத்தில் கிடந்த அவளுடைய போனை எடுத்துத் தன் படத்தைத் தானே தொட்டார். என்னவோ போலிருந்தது, இத்தனை மாசம் அவள் விரல் பட்ட முகம். இவர் போனில் சம்பூரணம் என்று பேர் வந்தது. உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தார். ஒன்றுமில்லை. அமத்திவிட்டு மறுபடி தொட்டார். பேர் வந்தது. ஒன்றுமில்லை. நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார், பல்லில் வைத்துக்கூடப் பார்த்தார், பல்லுக்குத் தெரியாத நடுக்கமா? செத்த சவம். போச்சு. கண்ணியை உடைத்துவிட்டாயா? புது மோட்டாரே மட்டமா? கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா? காது கேட்காதவன் தலையில் எதையும் கட்டலாம் என்று நினைத்திருப்பான். கட்டிலிலிருந்து சம்பூரணம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ, இப்போது பார்க்காதே அம்மிணி. இப்போது மட்டும் சுவரைப் பார்.

மறுபடியும் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். டிபன் மூடியில் பழைய மோட்டார் கிடந்தது. இது உண்மையிலேயே செத்ததுதானா என்று யாராவது பார்த்தார்களா? யாரும் பார்க்கவில்லை. பட்டறையில் மோட்டார் போச்சு என்றால் கழற்றி நேராக லைன் கொடுத்துப் பார்ப்பார்கள். முப்பது வருஷத் தறிக்காரன், அதைக்கூடச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? சுவர்க்கடிகாரத்தை இறக்கிப் பேட்டரியை எடுத்தார். மோட்டாரின் ரெண்டு மயிரிழை வயர்களையும் பேட்டரியின் ரெண்டு முனையில் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அமுக்கினார். பிடிபட்ட தும்பி போல அது கைக்குள் துடித்தது. எடுத்தார், நின்றது. வைத்தார், துடித்தது. நல்ல மோட்டார். அருமையான மோட்டார். சாட்சி கட்சி மாறிவிட்டான். நாச்சிமுத்து அதை வெகுநேரம் துடிக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், அது நின்றால் அடுத்த நினைப்பு வந்துவிடும் என்று பயந்த மாதிரி. பேட்டரி கை வழுக்கிக் கீழே விழுந்தது. போனை எடுத்தார். கட்டைவிரல் தானாகத் திரையின் தலையிலிருந்து கீழே இழுத்தது, வழி தெரிந்த விரல். வரிசையாகப் பொம்மைகள். அதில் ஒரு மணி, குறுக்கே கோடு போட்டது. அதைத் தொட்டார். போன் உள்ளங்கையில் ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை. இனி எங்கே ஓடுவது? செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரத்தில் நாலு தரம் ரெண்டு. நாலு தரமும் ஓடி வந்தார். முதல் மூன்று தரம் தண்ணி கொடுத்தார், ஒரு மடக்கு குடித்தாள். நாலாவது தரம் ஓடி வரும்போது பட்டறையில் பாவு அறுந்துவிட்டது. வந்து பார்த்தால் சொம்பு நிறையத் தண்ணீர், அவள் இடது கைக்கு ஒரு சாண் தள்ளி, டம்ளர் கவிழ்த்து. அவளே எடுத்துக் குடிக்கலாம், டாக்டர்கூட அவளாகவே எடுத்துக் குடிக்கத்தான் சொன்னார். சம்பூரணம் அவரைப் பார்த்துச் சிரித்தாள். கோணல் வாயால். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இன்னும் எரிச்சல்தான் வந்தது. சொம்பு கைக்கெட்டற தூரத்துலதான இருக்குது, கை சும்மா இருக்காதா உனக்கு, நான் மனுசனா மிசினா என்று கத்தினார். எவ்வளவு சத்தமாகக் கத்தினார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீதிக்கே கேட்டிருக்கும். சிரிப்பு மெதுவாக இறங்கிப் போனது. பட்டறை வாசலில் நின்று போனை எடுத்தார். ஒரு அரை மணி நேரம். பாவு பிணைக்கிற வரைக்கும். அரை மணி நேரம் நிம்மதியாக விட்டால் செத்தா போவாள் என்று நினைத்துக்கொண்டு கட்டைவிரலால் இழுத்து, மணியைத் தொட்டார். கோடு விழுந்தது. பாவு பிணைத்தார். மறந்துவிட்டார். மறந்துவிட்டாரா? புதன்கிழமை மோட்டார் போச்சு என்று ரங்கநாயகியிடம் சொன்னபோது மறந்துதான் இருந்தாரா? கடைக்காரனிடம் சொன்னபோது? நெஞ்சு லேசானதே, அது எதனால் லேசானது? மறந்தவனுக்கு எதுக்கடா பாரம் இறங்கணும்? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகத்தான் போன இடத்திலெல்லாம் மோட்டார் மோட்டார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாரோ என்னவோ. எதற்காகக் கூப்பிட்டாள் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தண்ணீருக்கு இல்லை. பேச முடியாதவள், எழ முடியாதவள், நாள் முழுக்கச் சுவரையும் காலண்டரையும் பார்த்துக்கொண்டிருப்பவள், மூஞ்சியைப் பார்க்கணும் போல இருந்தால் என்ன செய்வாள்? மூஞ்சிக்கு அவர்கள் எண் வைக்கவில்லை. வா என்று ஒண்ணை அமுக்கினால் எதுக்கு என்று கேட்பார். தண்ணி என்றால் காரணம் இருக்கிறது.

சொல்லாமல் இருக்கலாம். மோட்டார் மாற்றினேன், இப்போது ஓடுகிறது, அவ்வளவுதான். அவள் பழையதைப் பார்த்துவிட்டாள். நம்பக்கூடச் செய்திருப்பாள். யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெயில் வாசற்படியிலிருந்து நகர்ந்து வேட்டிக்கு வந்து முழங்காலுக்கு வந்தது. நடுவில் எழுந்து, ஒதுங்கணுமா என்று கேட்டு, பாத்திரம் வைத்து எடுத்து, கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். நாலு மணிக்குச் சொம்பைக் கழுவிப் புதுத்தண்ணீர் பிடித்து அவள் கைக்கு அரைச் சாணில் கொண்டு வைத்தார். அப்போதுதான் முடியவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் உடம்பை நுழைத்து, அவள் முகத்துக்கு நேராகக் குத்தவைத்து உட்கார்ந்தார். சத்தமாகப் பேசினால் ரங்கநாயகிக்குக் கேட்கும், வீதிக்குக் கேட்கும். சத்தம் வேண்டாம். பட்டறையில் பேசுகிற மாதிரி, குரலை விட்டுவிட்டு, உதட்டை மட்டும் அகலமாகத் திறந்து திறந்து சொன்னார். மோட்டார் சாகல, அம்மிணி. நாந்தான் அமத்துனேன். செவ்வாய்க்கிழமை. நீ சிரிச்சே பாரு, அப்ப. கோவத்துல அமத்தீட்டேன். அரை மணி நேரத்துக்குன்னு அமத்துனேன், எடுக்கல. நீ பதிமூணு தரம் கூப்பிட்டே. நான் பீடி குடிச்சுட்டிருந்தேன். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் காலத்தில் எதிர்த்தறியிலிருந்து பார்த்த மாதிரி, ஒரு எழுத்து தவறவிடாமல். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. உனக்குக் கோகிலாகூடப் போகணும்னா போ, நான் தடுக்க மாட்டேன் என்று சொல்ல வந்தவர், உதடு கோணி, அதைச் சொல்லவில்லை. போகாதே என்றார். கண்ணில் தண்ணீர் முட்டி அவள் முகம் கலங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய போனை எடுத்து அவள் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார். மடங்கின விரல் மடங்கியே இருந்தது.

அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. தரை குறுகுறுக்க ஆரம்பித்தது. முதலில் எதிர்வீடு, அப்புறம் ரங்கநாயகி வீடு, ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டு வீதி முழுக்க உள்ளங்காலுக்குள் புகுந்தது. நாச்சிமுத்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பழைய மோட்டாரைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, போனை இடப்பக்கச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார். நாலு தறியும் காத்துக்கொண்டிருந்தன. சுவிட்சுக்குக் கை போனது, போடவில்லை. போட்டால் தறி உடம்பெல்லாம் உலுக்கும், அந்தச் சின்ன நடுக்கம் அதில் தெரியாமல் போய்விட்டால்? இத்தனை மாசம் தெரிந்ததே. தெரிந்தது, ஆனால் இன்றைக்கு வேண்டாம். ரெண்டாம் தறியின் மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். அஞ்சேகால். அவள் கூப்பிட மாட்டாள். எதற்குக் கூப்பிடணும்? கூப்பிட்டால் அமத்திவிடுகிற ஆளை எவள் கூப்பிடுவாள்? ஞாயித்துக்கிழமை புடவைகளை மடித்து வைக்க வேண்டும், மாத்திரை அட்டையில் எது காலை எது ராத்திரி என்று கோகிலாவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், தலையணையை ஒருக்களித்து வைத்தால்தான் தூக்கம் வரும் என்று சொல்ல வேண்டும், அந்தத் திருப்பூர் வீட்டில் யாருக்குப் பொறுமை இருக்கும். நெஞ்சில் துள்ளியது. இது அந்த வெறும் துள்ளலாக இருக்கும், போன் இல்லாதபோதும் துள்ளுகிறதே, அதுவாக இருக்கும். கையை வைத்துப் பார்த்தார். நின்றுவிட்டது. கையை எடுக்கவில்லை. மறுபடி துள்ளியது, கைக்கு அடியில், புது மோட்டார், பழையதைவிடக் கொஞ்சம் முரட்டுத்தனமாக. நின்றது. மூணாவது வருகிறதா என்று காத்திருந்தார். வரவில்லை. ரெண்டு. ரெண்டு என்றால் தண்ணி. சொம்பு நிறையத் தண்ணீர் அவள் கைக்கு அரைச் சாணில் இருந்தது, இவரே வைத்தது. நாச்சிமுத்து ஓடினார்.